எங்களில் யார் முன்னால் நிற்பது

வழக்குப் போட நூறு பேர் வேண்டும் என்று வக்கீலம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூறு பேருக்கா பஞ்சம்? ஓசூர் பக்கம் மத்திகிரியில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒரு கதவைத் தட்டினால் மூன்று பேர் வயிற்றெரிச்சலோடு வெளியே வருவார்கள். எங்கள் கம்பெனியின் ஷேரை வாங்காதவர் யார் என்று கேட்டிருந்தால்தான் தெருத்தெருவாகத் தேட வேண்டியிருந்திருக்கும்.

கையெழுத்துகள் சீக்கிரமே சேர்ந்துவிட்டன. சிக்கல் அதற்கப்புறம்தான். "நூறு பேரும் எழுந்து பேச முடியாதும்மா. எல்லாருக்கும் சேத்து ஒருத்தர் முன்னால நிக்கணும். கேஸை நடத்தறது, சமாதானம் பேசறது, வேணாம்னு சொல்றது எல்லாம் அவர் கையிலதான் இருக்கும். தலைமை மனுதாரர்னு சொல்லுவாங்க" என்றார் வக்கீலம்மா. கிருஷ்ணகிரிக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அந்த மரியாதை சும்மா வரவில்லை. கேன்டீன் சாம்பாரில் புழு கிடந்த நாளில் தட்டை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போய் மேசைமேல் வைத்தவள் நான்தான். "நீங்களே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க சார்" என்று நகராமல் நின்றேன். அன்றிலிருந்து எனக்கு வாய்க்காரி என்று பேர். அந்த வாய் இப்போது உதவும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் கம்பெனி மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜர் செய்தது. நான் பேக்கிங்கில் இருந்தேன். சார்ஜரை அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, மேலே லேபிள் ஒட்டி அனுப்புவது வேலை. பெட்டியில் எண்ணிக்கை குறைந்தால் யார் கட்டியது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஒவ்வொருத்தியும் உள்மூடியில் தன் குறியை மார்க்கரால் போட வேண்டும். பேர் எழுத நேரம் இல்லை. லைன் ஓடிக்கொண்டே இருக்கும். நான் மாந்தோப்பு ஊரான நாகரசம்பட்டிக்காரி, அதனால் ஒரு மாங்காய் போடுவேன். காம்பும் ஒரு இலையும் உண்டு. எனக்குப் பக்கத்தில் நின்ற அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பக்கத்து லைன் வீட்டுக்காரர், நடுவில் ஒரு புள்ளி வைத்துச் சுற்றிலும் புள்ளி வைப்பார். கேட்டால் மூக்குத்தி என்பார்.

அந்தப் பெட்டிகள் முன் கேட்டு வழியாக லாரியில் போகும். எல்லை தாண்டி, கர்நாடகா பக்கம் ஒரு குடோனுக்கு. சில நாள் கழித்துப் பின் கேட்டு வழியாக அதே பெட்டிகள் வரும். "பார்ட்டி மாறிப் போச்சு, லேபிள் மட்டும் மாத்துங்க" என்பார் சூப்பர்வைசர். பழைய லேபிளைக் கிழிக்க நேரம் எங்கே? அதன்மேலேயே புது லேபிளை ஒட்டுவோம். மூடி சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்க்கும்போது உள்ளே என் மாங்காய் இருக்கும். "என்னடி, ஊர் சுத்திட்டு வந்துட்டியா?" என்று அதைக் கேட்பேன். அக்கா சிரிப்பார். நாங்கள் ஓவர்டைம் பார்த்தோம். ஓவர்டைம் பணத்தில் மிக்ஸி வந்தது, பீரோ வந்தது. சரக்கு இப்படி ராத்திரி பகலாகப் போகிற கம்பெனி நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பினோம். டிவியில் பேசுகிறவர்கள் சொல்லி நம்பவில்லை. எங்கள் கையால் ஏற்றிய லோடை நம்பினோம்.

பிறகு கம்பெனி ஷேர் வெளியிட்டது. டை கட்டிய இரண்டு பிள்ளைகள் கேன்டீனில் மேசை போட்டு உட்கார்ந்து, எங்கள் போனை வாங்கி, எங்கள் முகத்தையே படம் பிடித்துக் கணக்குத் திறந்து கொடுத்தார்கள். ஷேர் விற்பனைக்கு வந்த அன்று ஆளுக்கொரு மைசூர்பாகு. "இனிமே நீங்களும் முதலாளிதான்" என்று மைக்கில் சொன்னார்கள். கை தட்டினோம். இப்போது நினைத்தாலும் அந்த மைசூர்பாகு தொண்டையில் நிற்கிறது.

எனக்கு அப்போது கையில் பணம் இருந்தது. அம்மா போன பிறகு நாகரசம்பட்டித் தோப்பில் என் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்ததற்கு அண்ணன்மார்கள் கொடுத்தது. அந்தப் பணத்துக்கு ஒரு வேலை ஏற்கெனவே இருந்தது. மத்திகிரியில் கால்நடைப் பண்ணையைத் தாண்டி எங்களுக்கு ஒரு சின்ன மனை உண்டு. அஸ்திவாரம் போட்டு, தூணுக்குக் கம்பி நிறுத்தி, அதோடு நின்றிருந்தது. சுவர் எழுப்ப வேண்டும். என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். ஷேர் என்றாலே பயம். "செவுரு எழுப்பிடலாம், மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். நான்தான் ஒரு வருஷம் பொறுங்கள், மாடியோடு சேர்த்துக் கட்டலாம் என்றேன். லாரி லாரியாகச் சரக்கு போவதைப் பார்த்தவள் நான். அவருக்கு என்ன தெரியும்?

ஒருநாள் காலையில் போனைத் திறந்தால் எல்லாம் சிவப்பு. கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்தவர்கள் விலகிக்கொண்டார்கள், விற்பனை என்று காட்டியதில் பெரும்பகுதி நடக்கவே இல்லை என்று செய்தி. அடுத்தடுத்த நாட்களில் விற்கப் பார்த்தோம். வாங்க ஆளில்லை. பிறகு கம்பெனி கேட்டைப் பூட்டினார்கள். வேலையும் போயிற்று, பணமும் போயிற்று. நானும் அக்காவும் ரோஜாப்பூ ஏற்றுமதி செய்கிற இடத்தில் பேக்கிங்குக்குச் சேர்ந்தோம். குளிரூட்டிய அறை, விரல் மரத்துப் போகும், கூலி பாதி.

என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைக்குப் போவார். தூண் கம்பிகள் துருப்பிடிக்கின்றன என்று அதன் நுனிகளில் பிளாஸ்டிக் பை கட்டிவிட்டு வருவார். காற்றில் அவை கிழிந்து போகும். அடுத்த வாரம் திரும்பக் கட்டுவார். அந்த வீடு எழும்ப வேண்டுமானால் இந்த வழக்கில் பணம் திரும்பி வர வேண்டும். எனக்கு வேறு வழியே இல்லை.

எங்களைப் போலவே இன்னொருவரும் வழக்குப் போட்டிருந்தார். பர்கூரில் கிரானைட் தொழில் செய்கிறவர். அவரும் அவரோடு சேர்ந்த பெரிய கைகளும். சென்னையில் கம்பெனி வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயம், ஒரே விஷயத்துக்கு இரண்டு வழக்கு எதற்கு என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. தலைமை மனுதாரர் யார் என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள், முடியவில்லை என்றால் நாங்கள் நியமிப்போம் என்றது.

அதனால் பேசுவதற்காகப் பர்கூர் போனோம். நான், வக்கீலம்மா, எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கும் பெரியவர், மூன்று பேரும். பேக்கரிக்காரர் கன்னடக்காரர். எங்கள் ஓவர்டைமினால் அவருக்குப் பன்னும் டீயும் அமோகமாகப் போனது. அதைப் பார்த்து அவரும் ஷேர் வாங்கிவிட்டார். கொஞ்சம்தான், ஆனால் அவருக்கு அது பெரிசு. நான்கு பேர் சேர்ந்து நின்றால் வாய் திறக்க மாட்டார். துணைக்கு ஒரு ஆம்பிளை இருக்கட்டும் என்று கூட்டிப் போனதுதான்.

கிரானைட்காரர் மரியாதையாகத்தான் பேசினார். கல் அறுக்கிற சத்தம் கேட்காமல் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுக் காப்பி வரவழைத்தார். "ஏம்மா, என் நஷ்டத்துல உங்க எல்லார் நஷ்டமும் ஒரு மூலையில அடங்கிடும். அப்ப யாரு முன்னால நிக்கறது நியாயம்?" என்றார்.

"எங்க கம்பெனி முன்கூடத்துல பளபளன்னு கருப்புக் கல்லு போட்டிருக்குதே சார், அது யாரு குடுத்தது?" என்றேன்.

"நான்தான் குடுத்தேன். வியாபாரம் வேற, இது வேற."

"முதலாளி வீட்டுக் கல்யாணத்துல முன்வரிசையில உக்காந்திருந்தீங்களாமே?"

"பத்திரிகை வெச்சாங்க, போனேன். உனக்கு வெச்சிருந்தா நீ போயிருக்க மாட்டியா?"

போயிருப்பேன்தான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "அவங்க பத்துல ஒரு பங்கு குடுக்கறேன்னு வந்தா வாங்கிட்டு முடிச்சிடறதுதான் புத்தி. கோர்ட்டுக்கு அலைய எனக்கு நேரமில்ல" என்றார்.

பத்தில் ஒரு பங்கு! அதை வைத்து நான் எதை எழுப்புவது, கக்கூஸையா? காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பேக்கரிக்காரர் மட்டும் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைத் துடைத்து வைக்காத குறையாக வைத்துவிட்டு வந்தார்.

திரும்பி வரும்போது கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் வைத்து வக்கீலம்மா விளக்கினார். பேசி முடியாததால் இனி தீர்ப்பாயம்தான் ஆளைப் பார்க்கும். அதிக நஷ்டம் யாருக்கு என்று பார்ப்பார்கள், ஆனால் அதை மட்டும் பார்க்க மாட்டார்கள். எதிர்க்கட்சியான கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல், சிநேகம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அந்த இடத்தில் கிரானைட்காரர் அடிபடுவார். முன்னால் நிற்கிறவர் கதையும் பின்னால் நிற்கிற எல்லோர் கதையும் ஒன்றாக இருக்க வேண்டும். "எதிர்க்கட்சி வக்கீலு உங்கள மட்டும் தனியா பிரிச்சுக் குத்தறதுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது. உங்களைக் குத்தினா வலி பின்னால இருக்கறவங்க எல்லாருக்கும்தான். உங்க மேல அப்படி எதாவது இருக்குதாம்மா? இப்பவே சொல்லிடுங்க."

யோசித்தேன். சாம்பார்ப் புழு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் நல்லதுதான்" என்றார். பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். "விற்பனை பொய்யின்னு பேப்பர்ல நிரூபிக்கறது கஷ்டம்மா. எல்லாப் பேப்பரும் ஒழுங்கா வெச்சிருப்பாங்க. சரக்கு போகவே இல்ல, போன சரக்கே திரும்பி வந்துச்சுன்னு காட்ட முடிஞ்சா போதும்."

போன சரக்கே திரும்பி வந்தது. அதை என்னைவிட யார் பார்த்திருப்பார்கள்? என் மாங்காயைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் குசலம் விசாரித்தவள் ஆயிற்றே நான். வக்கீலம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். உடனே இன்னொன்றும் புரிந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"திரும்பி வரதப் பாத்துட்டுத்தான் ஷேர் வாங்கினியா நீ?"

"ஓவர்டைம் வந்துச்சுங்க. நல்லா போவுதுன்னு நெனச்சேன்."

"கம்பெனிக்காரங்க அப்டியா சொல்லுவாங்க? உனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் வாங்கின, உன்ன யாரும் ஏமாத்தலன்னு சொல்லுவாங்க. ஏமாந்தவனுக்குத்தான் பணம். வாய மூடிக்கிட்டு நில்லு ஏம்மே. இந்த ஒரு தடவையாவது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தது. எனக்கு என்ன தெரியும்? ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினேன். ஒரு லேபிளின்மேல் இன்னொரு லேபிள் ஒட்டுவது மோசடி என்று அந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது யாராவது சொன்னார்களா? படித்த கணக்கர்களுக்கே தெரியாமல் போனது, பேக்கிங்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம்.

மறுநாள் குளிரறையில் ரோஜாக்களை அடுக்கிக்கொண்டே, சொல்லிவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். அக்கா கையை நிறுத்தாமல் கேட்டார். கடைசியில், "நீ மட்டுமாடி ஒட்டின? நானுந்தான் ஒட்டினேன். பேக்கிங் லைனே ஒட்டிச்சு. நீ சொன்னா உன் பணம் மட்டுமா போவும்? எம் பொண்ணு காலேஜுக்குக் கட்ட வெச்சது அது. நுவ்வு செப்பொத்து. சொல்லாத, அவ்ளோதான்" என்றார். அக்கா என்னிடம் கெஞ்சி நான் பார்த்தது இல்லை. சரி என்றேன். நிஜமாகவே சரி என்றுதான் நினைத்தேன்.

தலைமை மனுதாரரைத் தேர்ந்தெடுக்கிற அன்று நாங்கள் ஒரு வேன் பிடித்துச் சென்னை போனோம். கோர்ட் என்றதும் நான் நினைத்த கூண்டெல்லாம் அங்கே இல்லை. ஆபீஸ் மாதிரி இருந்தது, ஏசி போட்டிருந்தார்கள். மேடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் இங்கிலீஷில் ஓடியது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வக்கீலம்மாவின் ஜூனியர் அவ்வப்போது காதில் சொன்னாள்.

கிரானைட்காரரின் வக்கீல் நஷ்டத்தின் அளவைப் பேசினார். எங்கள் வக்கீலம்மா கருப்புக் கல்லையும் கல்யாணத்தையும் பேசினார். மேடையில் இருந்தவர் கிரானைட்காரரைப் பார்த்த பார்வையிலேயே அவர் அவுட் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குள் குளுகுளு என்று இருந்தது. அப்புறம் கம்பெனியின் வக்கீல் எழுந்தார். வெள்ளைத் தலை, மெதுவான குரல். சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பி என்னவோ சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

"நீங்க முன்னால நிக்கறதுல அவங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லையாம்க்கா" என்றாள் ஜூனியர் சந்தோஷமாக.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எங்களை ஏமாற்றியவர்களுக்கு என்னைப் பிடித்திருக்கிறது. ஏன் பிடிக்க வேண்டும்? மேனேஜர் மேசையில் புழுத் தட்டை வைத்தவளை அந்தக் கம்பெனிக்கு எந்தக் காலத்தில் பிடித்திருக்கிறது? பிறகு ஞாபகம் வந்தது. பெட்டி திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும், லேபிள் மாற்றியதும், இத்தனை பெட்டிக்கு மாற்றியாயிற்று என்று எழுதிய ஒரு தாளை சூப்பர்வைசர் நீட்டுவார். பேக்கிங்கிலிருந்து யாராவது கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் தயங்குவார்கள், நான் முந்திக்கொண்டு போடுவேன். அந்தத் தாளெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. இன்றைக்கு அவர்கள் அதை எடுக்க மாட்டார்கள். நான் முன்னால் நின்று, வழக்கு பாதி நடந்து, எல்லோரும் என்னை நம்பி உட்கார்ந்த பிறகு எடுப்பார்கள். இவளுக்கே தெரியும், இவள்தானே உங்கள் தலைவி என்பார்கள். பேக்கரிக்காரர் போட்ட பணமும் அதோடு போகும்.

மேடையில் இருந்தவர் தமிழில், "அம்மா, நீங்க ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்றார். சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

எழுந்தேன். இரண்டு வரிசை தள்ளி அக்கா உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்க்காமல் பேசினேன். பார்த்திருந்தால் பேசியிருக்க மாட்டேன். "ஐயா, நான் பேக்கிங்கில் இருந்தேன். கர்நாடகா குடோனுக்கு அனுப்பின பெட்டிங்க திரும்பி வந்துச்சு. நான்தான் புது லேபிளு ஒட்டினேன். உள்மூடியில நான் போட்ட மாங்கா இருக்கும். எந்தப் பெட்டியத் திறந்தாலும் நான் கண்டுபிடிச்சுச் சொல்லுவேன். அது பொய் விற்பனைன்னு எனக்கு அப்பத் தெரியாது. ஆனா அவங்க எனக்குத் தெரியும்னுதான் சொல்லுவாங்க. அதனால நான் முன்னால நிக்கக் கூடாதுங்கய்யா. நின்னா இவங்க எல்லாருக்கும் கெடுதல்."

வெள்ளைத் தலை வக்கீலின் சிரிப்பு போயிற்று. அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைத்தது. மேடையில் இருந்தவர், "வேற யாரெல்லாம் ஒட்டினாங்க?" என்று கேட்டார். "என் கையத்தான் எனக்குத் தெரியுங்கய்யா" என்றேன்.

வெளியே வராந்தாவில் வக்கீலம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட ஏம்மா சொல்லல? நான் கேட்டேன் இல்ல?" கோபத்தில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அடுத்த நிமிஷமே, "அந்தப் பெட்டிங்க இன்னும் குடோன்ல இருக்குமா?" என்றார். அக்கா என்னைத் தாண்டி நடந்து போனார். திரும்பும்போது வேனில் எனக்கு முன் சீட்டில், கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். ஓசூர் வரும்வரை திரும்பவில்லை. அதற்கப்புறம் பூ வேலையிலும் மேசை மாற்றிக்கொண்டுவிட்டார்.

உத்தரவு வந்தது. கிரானைட்காரருக்குக் கம்பெனியோடு வியாபாரத் தொடர்பு, ஆகவே அவர் இல்லை. எனக்கு மற்றவர்களிடமிருந்து வேறுபட்ட நிலை, ஆகவே நான் இல்லை. கம்பெனியில் வேலை பார்க்காதவர், அதற்கு எதையும் விற்காதவர், மற்றவர்கள் ஏமாந்த மாதிரியே ஏமாந்தவர் என்று பேக்கரிக்காரரைத் தலைமை மனுதாரராக நியமித்தார்கள். எனக்குப் பணம் உண்டா இல்லையா என்பதை முடிவில் தனியாகப் பார்ப்பார்களாம். தனியாக என்ற அந்த வார்த்தையை வக்கீலம்மா இரண்டு தரம் படித்துக் காட்டினார்.

பேக்கரிக்காரர் அன்று சாயங்காலமே என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பொட்டலம் தேங்காய் பன். "நானு ஏனு மாத்தாடோதம்மா அல்லி? அங்க நான் என்னத்தப் பேசறது? எனக்கு அவங்க முன்னால நாக்கே எழாது. நீ சொல்லிக் குடு, நான் சொல்றேன்" என்றார். சொல்லிக் கொடுத்தேன். பத்தில் ஒரு பங்கு என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். எப்படிச் சொல்வது என்று கேட்டார். "வேண்டாம்" என்று சொல்லிப் பழகச் சொன்னேன். என் வாசலில் நின்று அவர் மெதுவாக வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். உள்ளே என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பேக்கரிக்காரர் போன பிறகு, "யாருக்கோ வீடு கட்டற நீ" என்றார். அழுதேன், அவ்வளவுதான்.

பேக்கரிக்காரர் முன்னால் நின்று கேட்ட முதல் விஷயம், குடோனைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது. தீர்ப்பாயம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக அனுப்பியது. அடையாளம் காட்ட நான் வர வேண்டும் என்றார்கள். பேக்கிங்கில் இருந்தவர்களில் வர விரும்புகிறவர்களும் வரலாம் என்றார்கள். யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். அக்கா வந்திருந்தார். குடோன் கதவருகே, துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தள்ளி நின்றார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்க்க வந்திருந்தார்.

பெட்டிகள் கூரைவரை இருந்தன. எலி கடித்த பெட்டிகள், ஈரத்தில் உப்பியவை. ஆணையர் ஒன்றை இறக்கச் சொல்லி என் முன்னால் வைத்தார். நான் மேல் லேபிளை நகத்தால் நெம்பி உரித்தேன். அடியில் இன்னொன்று, வேறு ஊர். அதன் அடியில் இன்னொன்று, வேறு பார்ட்டி. மூடியைத் திறந்தேன். காம்பும் இலையுமாக மாங்காய்.

"இது யாருடைய குறி?"

"என்னுதுங்க."

அவர் எழுதிக்கொண்டார். அடுத்ததைத் திறந்தேன். "என்னுதுங்க." அதற்கு அடுத்ததும் என்னுடையதுதான். நான் ஒவ்வொரு தடவை அப்படிச் சொல்லும்போதும் வக்கீலம்மாவின் முகம் மலர்ந்தது. கம்பெனியிலிருந்து வந்திருந்தவரும் தன் பங்குக்கு எழுதிக்கொண்டார். இவள் எத்தனை பெட்டி திரும்பி வந்ததைப் பார்த்தாள் என்று எழுதுகிறார். வழக்கு ஜெயிப்பதும் என் வீடு எழும்பாமல் போவதும் ஒரே வார்த்தையில் நடந்துகொண்டிருந்தது. நிறுத்தத் தோன்றியது. ஆனால் கை அடுத்த லேபிளை உரித்தது.

அடுத்த பெட்டியின் மூடியில் மாங்காய் இல்லை. நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் புள்ளிகள். மூக்குத்தி. அவசரத்தில் போட்டதில் ஒரு புள்ளி இழுபட்டிருந்தது. கதவருகே துப்பட்டா அசையாமல் நின்றது எனக்குத் தெரிந்தது.

"இது?" என்றார் ஆணையர்.

சென்னையில் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று உண்மையைச் சொன்னவள்தான் நான். அந்த மூக்குத்தியை ஆயிரம் குறிகளுக்கு நடுவில் வைத்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

"தெரியலீங்க" என்றேன்.

கம்பெனிக்காரர், "பக்கத்துலயே நின்னு வேலை பாத்தவங்க, தெரியாதா?" என்றார்.

"தெரியாதுங்க. என்னுது மட்டுந்தான் எனக்குத் தெரியும்" என்றேன். அந்தப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததை என் பக்கம் இழுத்தேன். உரித்தேன், திறந்தேன். மாங்காய் இருந்தது.

"என்னுதுங்க" என்றேன்.